‘எந்தத் தெரு?’: சமூக ஊடக நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

சமூக ஊடகங்களை நடத்தும் நிறுவனத்தாருக்கு, வணக்கம்.

என் அக்கா மகள் கல்லூரியில் பதக்கம் வாங்கிய படத்தைப் போன மாதம் போட்டிருந்தாள். வாழ்த்துகளுக்கு நடுவே ஒருவர், "எந்தத் தெரு பாப்பா? ஊரா, காலனியா?" என்று கேட்டிருந்தார். அதில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் வளர்ந்த யாருக்கும் அது சாதியைக் கேட்கிற கேள்வி என்று தெரியும். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். ராத்திரி பதினொரு மணிவரை இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புகார் செய்தோம். விதிமீறல் எதுவும் இல்லை என்று காலையில் பதில் வந்தது. அவள் படத்தையே எடுத்துவிட்டாள்.

அதே வாரம் அவள் தோழி, "போடி எருமை, ட்ரீட் எங்கே?" என்று எழுதியது நீக்கப்பட்டது!

உங்கள் சிரமம் புரியாமல் இல்லை. கொட்டுகிற பதிவுகளை முதலில் இயந்திரம்தான் சலிக்க முடியும். எங்கள் ஆட்களோ தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள், வசைச் சொல்லின் நடுவே புள்ளி வைத்துத் தப்பிக்கிறார்கள். சரி, இயந்திரம் தடுமாறட்டும். அதற்கு அப்புறம் பார்க்க, மொழி தெரிந்த மனிதர் வேண்டாமா?

அப்படிப்பட்டவர்கள் போதாமல் போனால் என்ன ஆகும் என்பதை இலங்கையில் பார்த்தாயிற்று. சிங்களத்தில் பரவும் வெறுப்புப் பதிவுகளைப் பற்றி அங்குள்ளவர்கள் பல முறை எச்சரித்திருந்தார்கள். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டம் திகனவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அரசு பேஸ்புக்கைச் சில நாள் முடக்கியது. பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். கடையைத் தீக்குப் பறிகொடுத்தவருக்கு அந்த மன்னிப்பால் என்ன பயன்?

ஆகவே, தமிழ் தெரிந்தவர்களை வேலைக்கு எடுங்கள். மதுரைப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் பிடிபடுகிறவர்களாக எடுங்கள். அவர்களை ஒப்பந்தக் கூலிகளாக வைத்து நொறுக்காதீர்கள். நாள் முழுக்கக் கொடூரங்களைப் பார்த்து மனம் உடைந்த அமெரிக்க ஊழியர்களுக்கு 5.2 கோடி டாலர் கொடுக்க 2020இல் பேஸ்புக் ஒப்புக்கொண்டதே, அந்த வேலையின் பாரம் உங்களுக்குத் தெரியாததல்ல.

‘ஊரா, காலனியா’ என்று படித்ததும் சுருக்கென்று தைக்கிற எத்தனை பேர் இன்று உங்களிடம் வேலை பார்க்கிறார்கள்? பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கையை மட்டும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சித்தி