பெரிய மீன் தொட்டிக்கு ஒரே ஹீட்டர் போதாது: குன்னூர் கடையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மழை ஓய்ந்து பனி இறங்க ஆரம்பித்துவிட்டது, கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் ஹீட்டர்தான் கேட்கிறீர்கள். ஊட்டிப் பக்கம் புல் மேல் உறைபனி படிகிற நாட்களில் இங்கே நம்ம கடைக்குள்ளேயே விடியற்காலையில் 15 டிகிரிதான் இருக்கும். டிஸ்கஸ் மீனுக்கோ தண்ணீர் 28க்குக் குறையக் கூடாது. அந்த 13 டிகிரியை ராத்திரி முழுக்கத் தாங்கிப் பிடிக்க வேண்டியது ஹீட்டர்தான், அதனால் இதை நிதானமாக எழுதலாம் என்று உட்கார்ந்தோம்.

"ஐந்தடித் தொட்டிக்கு எத்தனை வாட்ஸ் வாங்குவது?" என்று கேட்டால் முன்பெல்லாம் ஒரே ஒரு 500 வாட்ஸை எடுத்துக் கொடுப்போம். இப்போது கொடுப்பதில்லை. கடையில் நடந்த ஒரு இழப்புதான் காரணம். ஒரு சனிக்கிழமை இரவு ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்த் திங்கள் காலை திறந்தபோது, எங்கள் சொந்த ஐந்தடித் தொட்டியின் மூடி முழுக்க நீர்த்துளி கோத்து நின்றது. கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தால் குழந்தையைக் குளிப்பாட்டும் வெந்நீர் பதம். தெர்மாமீட்டரில் 36. டிஸ்கஸ் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன, ஹீட்டரின் சிவப்பு விளக்கு அப்போதும் எரிந்துகொண்டே இருந்தது. ஒன்பதில் ஆறு போய்விட்டது. சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், மீனுக்கோ அதே நேரத்தில் அதிகம் தேவைப்படும், இரண்டு பக்கமும் அடி.

ஹீட்டருக்குள் சூட்டைப் பார்த்து அதை இயக்கி நிறுத்தும் தெர்மோஸ்டாட் ஒவ்வொரு முறை ஆன், ஆஃப் ஆகும்போதும் அதன் முனைகளுக்கு நடுவே ஒரு சின்னத் தீப்பொறி விழும். ஆயிரக்கணக்கான முறை அப்படி விழுந்து கரிந்த முனைகள் ஒருநாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு அது அணையவே அணையாது. விலை உயர்ந்த கம்பெனி என்றால் அந்த நாள் தள்ளிப் போகும், வரவே வராது என்று யாரும் எழுதித் தர முடியாது.

அதனால் 500 லிட்டர் பிடிக்கும் ஐந்தடித் தொட்டிக்கு 300 வாட்ஸ் இரண்டு வாங்குங்கள். கணக்கைப் பாருங்கள்: நல்ல மூடி போட்ட ஐந்தடித் தொட்டி, அறையைவிட 13 டிகிரி கூடுதல் சூட்டில் நிற்க, எங்கள் அனுபவத்தில் 250லிருந்து 300 வாட்ஸ் வரை தொடர்ந்து தேவைப்படும். இரண்டில் ஒன்று ஒட்டிக்கொண்டு எரிந்துகொண்டே இருந்தாலும், குளிர்கால இரவில் தண்ணீர் 30, 31ஐத் தாண்டப் போவதில்லை. மாறாக ஒன்று செத்துப்போனாலும் மற்றது விடியும் வரை ஓரளவு தாங்கிவிடும். ஒரே பெரிய ஹீட்டரில் இந்த இரண்டு பாதுகாப்பும் கிடையாது.

அப்புறம், தண்ணீரின் சூட்டை அளந்து ஹீட்டருக்குப் போகும் கரண்டை விட்டு நிறுத்தும் டிஜிட்டல் கன்ட்ரோலர் ஒன்று தனியாக வேண்டும். எஸ்டிசி-1000 என்று ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி பல வருடமாகச் சந்தையில் இருக்கிறது, உங்களில் சிலரிடம் ஏற்கனவே இருக்கும். அதை 28ல் வையுங்கள், ஹீட்டரிலேயே இருக்கும் சூடு வைக்கும் திருகை 30ல் வையுங்கள். தினசரி ஆன், ஆஃப் வேலையைக் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும், அதற்குள் இருக்கும் ரிலே என்ற சுவிட்ச் ஒருநாள் ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் 30ல் தானே நின்றுகொள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில் கெட்டால்தான் ஆபத்து. ஒரு கவனம்: கன்ட்ரோலரின் சென்சார் வயரை வெறும் ரப்பர் கப்பை நம்பி விடாதீர்கள். கப் கழன்று சென்சார் வெளியே தொங்கினால் அது அறைக் காற்றின் 15 டிகிரியைப் படித்து "இன்னும் சூடு வேண்டும்" என்று ஓட்டிக்கொண்டே இருக்கும். கேபிள் டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். இந்தப் பெட்டியின் பின்பக்கம் வயர் முனைகள் திறந்தே இருக்கும் என்பதால் எலெக்ட்ரீஷியனை வைத்து ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் பொருத்துங்கள், எர்த் இருக்கிறதா என்று பாருங்கள், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத வீட்டில் தொட்டிக்குள் கை விடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இதில் நாங்கள் கண்டிப்பாகத்தான் பேசுவோம்.

இனி மூடி. ஹீட்டருக்குச் செலவழிக்கும் முன் இதைச் செய்யுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறோம், பலர் காதில் வாங்குவதில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போகும்போது கிட்டத்தட்ட 0.67 யூனிட் கரண்டுக்குச் சமமான வெப்பத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போகிறது. திறந்த தொட்டியில் தினமும் மூன்று லிட்டர் குறைகிறது என்றால் இரண்டு யூனிட் கரண்ட் அப்படியே கூரைக்குப் போகிறது. கண்ணாடி மூடி, பின்பக்கமும் பக்கவாட்டிலும் ஒரு இன்ச் தெர்மோகோல், அவ்வளவுதான், வித்தியாசம் பில்லில் தெரியும்.

வோல்டேஜையும் மறந்துவிட வேண்டாம். சாயங்காலம் எல்லா வீட்டிலும் கீசர் ஓடும்போது 180க்கு இறங்கிவிடும் தெருக்கள் நம் பக்கம் இருக்கின்றன. 230 வோல்ட்டுக்கு 300 வாட்ஸ் என்று போட்டிருக்கும் ஹீட்டர் 180ல் சுமார் 184 வாட்ஸ்தான் தரும். "புது ஹீட்டர், ஆனால் ராத்திரி 25தான் வருகிறது" என்று திரும்பக் கொண்டுவந்தவர்கள் வீட்டில் பலமுறை பிரச்சினை இதுதான், ஹீட்டரில் குறையே இல்லை.

கரண்ட் போனால் பயப்பட வேண்டாம். 500 லிட்டர் தண்ணீர் மணிக்கு அரை டிகிரி அளவில்தான் ஆறும், ஒரு பழைய கம்பளியைச் சுற்றிவிட்டு இன்வெர்ட்டரை ஏர் பம்புக்குக் கொடுங்கள்.

தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரை அணைத்துக் கால் மணி நேரம் கழித்துத்தான் மட்டத்தை இறக்க வேண்டும், சூடான கண்ணாடிக் குழாய் காற்றுப் பட்டால் விரிசல் விடும். குழாயில் வரும் 15 டிகிரித் தண்ணீரால் கால் பங்கு மாற்றினால் தொட்டி ஒரேயடியாக மூன்று டிகிரிக்கு மேல் இறங்கும், அந்த வாரமே மீன்களுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்து நிற்கும். வெந்நீர் கலந்து பதம் பார்த்து ஊற்றுங்கள். ஹீட்டர் இருக்க வேண்டிய இடம் ஃபில்டர் தண்ணீர் வந்து விழும் பக்கம், ஒன்று இந்த மூலை என்றால் மற்றது எதிர் மூலை, மணலில் புதையாமல். கடல் மீன் தொட்டி என்றால் ஸ்டீல் வேண்டாம், டைட்டானியம் எடுங்கள்.

கோல்டு ஃபிஷ், கோய் மட்டும் வைத்திருப்பவர்கள் ஹீட்டர் வாங்க வரவே வேண்டாம், இந்தக் குளிர் அவற்றுக்குச் சரி.

மற்றவர்கள் கடைக்கு வரும்போது தொட்டியின் நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் குறித்துக்கொண்டு வாருங்கள் (மூன்றையும் பெருக்கி 28.3ஆல் பெருக்கினால் லிட்டர் வந்துவிடும்), கூடவே இரண்டு நாள் விடியற்காலை அறையின் சூடு எவ்வளவு என்றும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் கடையிலிருந்து ஒன்றை இரவல் எடுத்துப் போங்கள், திருப்பிக் கொடுத்தால் போதும். இரண்டு மூன்று குளிர்காலம் ஓடிய பழைய ஹீட்டர் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், வாளித் தண்ணீரில் போட்டு 30ல் அணைகிறதா என்று உங்கள் முன்னாலேயே பார்த்துச் சொல்கிறோம்.

அன்புடன்,
கடையிலிருந்து