“வீடு எந்தத் தெரு?”

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்மாவட்டப் பள்ளி ஒன்றில் மேல்நிலை வகுப்புகளுக்கு 26 ஆண்டுகள் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். பதின்ம வயதுப் பிள்ளைகள் கூடாநட்பில் விழுவதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பள்ளியையும் கைப்பேசியையும் சினிமாவையும் குறை சொல்கிறோம். அந்த நட்பில் வீட்டுக்கு இருக்கும் பங்கைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை.

புதிய நண்பனின் பெயரைப் பிள்ளை முதன்முதலாக வீட்டில் சொல்லும்போது பெற்றோர் கேட்கும் கேள்விகள் இரண்டு. “அவன் எத்தனை மார்க்?” என்பது ஒன்று; “வீடு எந்தத் தெரு?” என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வி முகவரிக்காகக் கேட்கப்படுவதில்லை என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பத்து வயதிலேயே தெரியும். முதல் கேள்வியை என் மகனிடம் நானே பலமுறை கேட்டிருக்கிறேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிளஸ் 1 மாணவி ஒருத்தி, தன் தோழியைச் செய்முறை ஏட்டில் படம் வரைவதற்காக ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு அழைத்துச் சென்றாள். மகளுக்கு எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுத்த தாய், வந்தவளுக்குப் பேப்பர் கப்பில் கொடுத்தார். கடுஞ்சொல் எதுவும் சொல்லவில்லை. சிரித்த முகத்துடன்தான் கொடுத்தார். தோழி அதைக் குடித்துவிட்டு, கப்பைத் தானே கசக்கி எடுத்துக்கொண்டு போனாள். அதன்பின் அவள் அந்த வீட்டுக்கு வரவில்லை. ஆனால் அவர்களுடைய நட்பு முறியவில்லை. பள்ளியில் இருவரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள். அந்த மாணவியின் வீட்டுக் கைப்பேசியில் மட்டும் தோழியின் எண் ‘கெமிஸ்ட்ரி டியூஷன்’ என்ற பெயரில் சேமிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இளைஞன் ஒருவன் அந்த மாணவியைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தபோது, பெற்றவளிடம் சொல்லாமல் மூன்று மாதம் மறைத்துவிட்டு, கடைசியில் என்னிடம் வந்து அழுதாள். ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா அவளாலதான்னு சொல்லுவாங்க, டீச்சர்” என்றாள்.

ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் ஆராய்ந்து, ஸ்டாட்டின், கெர் என்ற இரு உளவியலாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இங்கு நினைவுகூரத்தக்கது: பிள்ளையின் நடமாட்டம் பெற்றோருக்குத் தெரியவருவது பெரும்பாலும் கண்காணிப்பால் அல்ல, பிள்ளை தானாக வந்து சொல்வதால்தான். நெதர்லாந்துப் பிள்ளைகளைப் பற்றி 2012இல் வெளியான மற்றோர் ஆய்வு, குறிப்பிட்ட நண்பர்களுடன் சேரக்கூடாது என்று பெற்றோர் தடை விதித்த பிள்ளைகள், பின்னர் தவறான வழியில் செல்லும் நண்பர்களுடன் கூடுதலாகவே பழகினார்கள் என்று காட்டியது.

பெற்றோரின் அச்சம் வீணானது என்று நான் சொல்லவில்லை. பள்ளிக் கழிப்பறையில் ‘கூல் லிப்’ புகையிலைப் பொட்டலங்களை நானே பொறுக்கியிருக்கிறேன். அத்தகைய பழக்கம் உள்ளவனுடன் சேராதே என்று கண்டிப்பாகச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மதிப்பெண்ணுக்கும் தெருவுக்கும் ஏற்கெனவே தடை போட்டுவிட்ட வீட்டில், இந்தத் தடையும் அவற்றுள் ஒன்றாகவே பிள்ளையின் காதில் விழுகிறது.

பொதுத்தேர்வில் மாநில அளவில் முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017இல் நிறுத்தியது; வீட்டுக்கூடத்தில் அந்த அறிவிப்பு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2023இல் நாங்குநேரியில் பிளஸ் 2 மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு அணிவதைத் தடுக்க வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. பள்ளி வாசலில் கயிற்றை அவிழ்க்கச் சொல்லலாம், நானும் சொல்லியிருக்கிறேன்; மாலையில் வீட்டுக்குப் போனதும் தாத்தாவே மறுபடி கட்டிவிட்டதாகச் சொன்ன மாணவனுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

கல்வித்துறைக்கு ஒரு கோரிக்கை உண்டு. பெற்றோர் கூட்டம் என்றால் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்து வாங்கி அனுப்புவது என்றாகிவிட்டது. ஆண்டின் முதல் கூட்டத்திலாவது, ஒன்றாகப் பழகும் பிள்ளைகளின் பெற்றோர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள அரைமணி நேரம் ஒதுக்க வேண்டும். எங்கள் பள்ளியில் ஒருமுறை, நாற்காலி போதாத காரணத்தால்தான், பெற்றோரை அவரவர் பிள்ளைகளின் இடத்திலேயே உட்காரச் சொன்னேன். மூன்றாவது பெஞ்சில் அருகருகே அமர்ந்த இரண்டு தாய்மார்கள் கால்மணி நேரம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிறகு ஒருவர் மேசையில் காம்பஸால் கீறியிருந்த இரு பெயர்களை மற்றவரிடம் காட்டினார். கூட்டம் முடிந்து நான் அறையைப் பூட்ட வந்தபோதும் இருவரும் எழுந்திருக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற முதுகலை ஆசிரியை,
திருநெல்வேலி மாவட்டம்.