முடிவை வெட்டாமல் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நாட்களில் நூலகங்களிலும் குடியிருப்புகளிலும் குழந்தைகளுக்குப் பழைய கார்ட்டூன் குறும்படங்களைத் திரையிடுவது நல்ல காரியம். ஆனால் இணையத்தில் கிடைக்கும் துண்டுகளைப் போட்டால் பாழாகிவிடும் படம் ஒன்று உண்டு. சக் ஜோன்ஸ் இயக்கத்தில் வார்னர் பிரதர்ஸ் 1952-ல் வெளியிட்ட 'ஃபீட் தி கிட்டி'. மொத்தமே ஏழு நிமிடம்தான்.

மார்க் ஆண்டனி என்ற முரட்டு புல்டாக், குட்டியூண்டு பூனை ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவந்து எஜமானிக்குத் தெரியாமல் ஒளித்து வைக்கிறது. 'இனி ஒரு சாமானும் உள்ளே வரக்கூடாது' என்பது அவள் கட்டளை. பூனை மாவு டப்பாவுக்குள் போய், அங்கிருந்து பிஸ்கட் மாவு பிசையும் பாத்திரத்துக்குள் விழுகிறது. நாய் வெளியே துரத்தப்பட்ட பிறகு, மாவு உருட்டப்படுவதையும் வெட்டப்படுவதையும் அடுப்புக்குள் போவதையும் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கதறுகிறது. பிக்ஸாரின் 'மான்ஸ்டர்ஸ், இங்க்.' படத்தில் சல்லி என்ற பூதம், குழந்தை உள்ளே சிக்கிவிட்டது என்று நினைத்து, குப்பை நசுக்கும் இயந்திரத்தைப் பார்த்து மயங்கி விழுவது இந்தக் காட்சிக்குச் செய்த மரியாதையே.

பெரும்பாலான துண்டுகள் அந்த அழுகையில்தான் தொடங்குகின்றன. அதற்குச் சற்று முன்னால், பூனை பாத்திரத்திலிருந்து பத்திரமாக வெளியேறுவதைப் பார்வையாளருக்கு மட்டும் காட்டிவிடுகிறார் ஜோன்ஸ். அந்த ஷாட் இருப்பதால்தான் நாயின் கண்ணீரைப் பார்த்து நாம் சிரிக்க முடிகிறது. அது இல்லாவிட்டால் சின்னப் பிள்ளைகள் பூனை அரைபட்டுவிட்டது என்றே நம்பிவிடுவார்கள். பிறகு என்ன சமாதானம் சொன்னாலும் எடுபடாது.

இன்னொரு வெட்டு கடைசியில் விழுகிறது. நாயைத் தேற்ற எஜமானி பூனை வடிவ பிஸ்கட் ஒன்றைக் கொடுக்கிறாள். அதைத் தன் முதுகில் வைத்துக்கொண்டு அழுகிறது நாய். முதல் காட்சியில் பூனை ஏறி, நகம் பதிய மிதித்துப் படுத்த அதே முதுகு! துண்டு இங்கே நின்றுவிட்டால் கதை சோகமாகவே முடிந்துவிடும். நிஜப் பூனை வந்து 'மியாவ்' என்பதும், எஜமானி பார்த்துவிட்டாள் என்று தெரிந்து நாய் கெஞ்சுவதும், அவள் மனமிரங்கி வளர்த்துக்கொள்ளச் சம்மதிப்பதும் அதற்குப் பின்னால்தான். பூனை மறுபடி முதுகில் ஏறி மிதித்துத் தூங்க, நாய் தன் தோல்மடிப்பைப் போர்வைபோல இழுத்து மூடுகிறது. வலித்த இடமே பூனைக்குப் படுக்கையாகிவிட்டது என்பதை வசனமில்லாமல் சொல்லும் முடிவு இது.

திரையிடுவோர் படத்தை அதன் 4:3 அளவிலேயே (அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு) வைக்க வேண்டும். இன்றைய 16:9 அகலத் திரை நிறையட்டும் என்று 'ஜூம்' செய்தால் உயரத்தில் கால் பங்கு போய்விடும். எஜமானியின் முகத்தைப் படம் காட்டுவதே இல்லை. அவள் மனநிலை காலிலும் நிற்கும் விதத்திலும்தான் தெரியும், ஜூம் செய்தால் வெட்டுப்படுவதும் அதுதான். இரு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும். வேகத்தைக் கூட்டி ஓட்டுவதும் வேண்டாம். நாயின் முகம் ஒரே பாவனையில் உறைந்து நிற்கும் அந்தச் சில நொடிகளில்தான் சிரிப்பே பிறக்கிறது. அடுத்த படம் தானாக ஓடும் 'ஆட்டோபிளே' வசதியையும் முன்கூட்டியே அணைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், கோவை