ரிடென்ஷன் தள்ளுபடி ஆகாது: உங்கள் பில்லிங் மென்பொருள் பற்றிப் புகார்

அனுப்புநர்: கணக்குப் பிரிவு மேலாளர், கட்டுமான ஒப்பந்த நிறுவனம், கப்பலூர், மதுரை மாவட்டம்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர்

பொருள்: புதிய பதிப்பு வந்ததிலிருந்து பில்லும் புராஜெக்ட் பட்ஜெட்டும் தவறாக வருவது

வணக்கம்.

மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் என்று எங்களுக்கு மூன்று பக்கமும் சைட் ஓடுகிறது. எந்த சைட்டில் எவ்வளவு போட்டிருக்கிறோம், வேலை கொடுத்த பார்ட்டியிடமிருந்து எவ்வளவு வரணும் என்பதை ஒரே இடத்தில் பார்க்கத்தான் உங்கள் மென்பொருளை வாங்கினோம். ஏப்ரலில், வருஷக் கணக்கை முடிக்கிற நேரத்தில், எங்களைக் கேட்காமலே புதிய பதிப்பை ஏற்றிவிட்டீர்கள். அதிலிருந்து ரிடென்ஷன் தொகையை, அதாவது வேலைக்கு உத்தரவாதமாகப் பார்ட்டி பில்லில் பிடித்து வைத்துப் பிறகு தரும் பணத்தை, உங்கள் மென்பொருள் தள்ளுபடியாக எடுத்துக்கொள்கிறது.

இது எவ்வளவு பெரிய தவறு என்று உங்கள் ஆட்களுக்குப் புரியவில்லை, அதனால் கணக்காகவே சொல்கிறேன். 10 லட்சத்துக்கு ஒரு ஆர்.ஏ. பில், அதாவது வேலை நடக்க நடக்கப் போடுகிற பில். ஜி.எஸ்.டி. 18 சதவீதம், ஆக பில் தொகை 11,80,000. பார்ட்டி 5 சதவீதம் ரிடென்ஷன் பிடிப்பார், அது 50,000. எங்கள் வருமான வரிக்காகப் பார்ட்டி பிடித்துக் கட்டும் டி.டி.எஸ். 2 சதவீதம், 20,000. கைக்கு வருவது 11,10,000. அந்த 50,000 எங்கள் பணம். கட்டிடம் முடிந்து, உத்தரவாதக் காலமும் தாண்டியதும் திரும்ப வர வேண்டியது, அதுவரை வரவேண்டிய கணக்கில் நிற்க வேண்டியது. உங்கள் புதிய பதிப்பு என்ன செய்கிறது? முதலிலேயே 50,000-ஐக் கழித்துவிட்டு 9,50,000-க்கு வரி போட்டு 11,21,000 என்று பில் அடிக்கிறது. வரியில் 9,000 குறைகிறது, புராஜெக்ட் வருமானத்தில் 50,000 குறைகிறது, பார்ட்டி 20,000 டி.டி.எஸ். கட்டியிருக்க எங்கள் ஏட்டில் 19,000 என்று நிற்கிறது, எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு வருஷம் கழித்து அந்த 50,000-ஐக் கேட்கலாம் என்றால் அப்படி ஒரு பாக்கி இருப்பதற்கான பதிவே இல்லை.

உங்கள் சப்போர்ட்டில் பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார், அவர் மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் "பழைய பில்லை டெலீட் பண்ணிட்டு மறுபடி போடுங்க சார்" என்றார். சரி, எப்படி டெலீட் செய்வது? இ-இன்வாய்ஸ், அதாவது அரசு போர்ட்டலில் பதிவாகும் பில், எடுத்தால் 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும். 11-ஆம் தேதி விற்பனை விவரம் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ஆம் தேதி வரி கட்டும் 3பி, இரண்டு ரிட்டர்னும் போயாகிவிட்டது. இனி குறைத்துப் போட்ட தொகைக்குப் பார்ட்டிக்கு டெபிட் நோட் கொடுத்து, குறைந்த வரியை ஆண்டுக்கு 18 சதவீத வட்டியோடு கட்டுவதுதான் வழி. அதோடு, எங்களைப் போன்ற கம்பெனிகள் வைத்திருக்கும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் பதிவாக வேண்டும், அந்தப் பதிவை யாரும் நிறுத்த முடியாதபடி இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் விதி. அழித்துவிட்டுப் போடுங்கள் என்று கணக்கு மென்பொருள் விற்கிற நிறுவனமே சொல்லலாமா?

அடுத்தது பட்ஜெட். முன்பு 'ஆர்டர் போட்டது' என்று ஒரு கட்டம் இருந்தது, எனக்கு அந்தத் திரையில் மிகவும் பிடித்ததே அதுதான். இப்போது அதைத் தூக்கி விலை கூடிய பிளானில் வைத்துவிட்டீர்கள். கம்பிக்கு 40 லட்சம் பட்ஜெட், 34 லட்சத்துக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று, அதில் 21 லட்சத்துக்குத்தான் சரக்கும் பில்லும் வந்திருக்கிறது என்று வையுங்கள். உண்மையில் மிச்சம் 6 லட்சம். உங்கள் திரை 19 லட்சம் என்கிறது. சைட் இன்ஜினியர் போனில் அதைப் பார்த்துவிட்டு, பணம் இருக்கே என்று நம்பி இன்னொரு லோடு சொல்லிவிடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியுமா? திரை சொன்னதைத்தானே அவர் நம்பினார். கம்பிக்காரருக்குப் போன அந்தப் பணம் சனிக்கிழமை சென்ட்ரிங் ஆட்களுக்குக் கூலி கொடுக்க வைத்திருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் கூலி தள்ளிப்போனால் திங்கட்கிழமை சைட்டில் ஆள் இருக்காது, இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எத்தனை குடும்பத்துச் சாப்பாடு அந்த ஒரு எண்ணில் இருக்கிறது என்பதை உங்கள் ஆட்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வேலை தொடங்கப் பார்ட்டி தரும் மொபிலைசேஷன் அட்வான்ஸைப் பில்லுக்குப் பில் கழிப்பது மட்டும் இன்னும் சரியாக வேலை செய்கிறது, அதைத் தயவுசெய்து தொடாதீர்கள்.

நான் கேட்பது இவைதான். ரிடென்ஷனைப் பழையபடி வரவேண்டிய கணக்கில் காட்டுங்கள். ஏப்ரலுக்குப் பிறகு எந்தெந்த பில்லில் இப்படி ஆனது என்ற பட்டியலை நீங்களே எடுத்துக் கொடுங்கள், அதைத் தோண்டி எடுப்பது எங்கள் வேலை இல்லை. நாங்கள் கட்டப்போகும் வட்டியை நீங்கள் ஏற்க வேண்டும். 'ஆர்டர் போட்டது' கட்டம் நாங்கள் சந்தா கட்டியபோது இருந்தது, கூடுதல் பணம் கேட்காமல் அதைத் திருப்பிக் கொடுங்கள். அப்புறம், பதில் எழுதுபவர் ஒப்பந்த வேலைக் கணக்கு தெரிந்தவராக இருக்கட்டும்.

அடுத்த ஜி.எஸ்.டி.ஆர்-1 தேதிக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், எங்கள் தரவு முழுவதையும் எக்செல்லில் எடுத்துக் கொடுத்து, மீதி மாதங்களுக்கான சந்தாவையும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு மேலாளர்
கப்பலூர், மதுரை