பாப்பாவின் கையில் குறையில்லை

கொழிஞ்சாம்பாறை,
ஆடி மாதம்

மாப்பிள்ளைக்கு,

பாப்பா குதிரையில் தடை தாண்டுகிற வீடியோவும் நீ கூடவே எழுதியிருந்ததும் வந்து சேர்ந்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். கணவாய்க் காற்று ராப்பகலாக அடிக்கிறது, லாயத்துத் தகரம் எப்போது பறக்கும் என்று தெரியவில்லை. மழை வழக்கம்போல பாலக்காடு டவுனைக் குளிப்பாட்டிவிட்டு நம்ம பக்கம் வராமல் நிற்கிறது. மூத்தவனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. வேலந்தாவளம் வழியாகத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறான்.

சரி, பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். குதிரை அழகாகத் தாண்டுகிறது. தாண்டி இறங்குகிற அந்த நொடியை நிறுத்தி நிறுத்திப் பார். அவள் உடம்பு முன்னால் சரிகிறது, உடனே கை கடிவாள வாரைப் பிடித்துத் தொங்குகிறது. குதிரை வாயைத் திறந்து தலையைத் தூக்குவது முரண்டு இல்லை, கடிவாளம் இழுத்த வலி. கோச் ஒவ்வொரு தடவையும் "கையைத் தளர்த்து" என்று கத்துகிறார். கையில் ஒரு குறையும் இல்லை மாப்பிள்ளை. இடுப்பும் வயிறும் தாங்காததால் கை தாங்கப் பார்க்கிறது. சும்மா நிற்கும்போதே குதிரையின் எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதம் முன்னங்கால்களில்தான். இவளும் முன்னால் விழுந்தால் அது என்ன செய்யும்?

"எடை தூக்கினால் உடம்பு இறுகிப் போகாதா" என்று கேட்டிருந்தாய். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் முறையாகச் செய்கிற பெண்ணுக்கு அப்படியெல்லாம் ஆகாது. வாத்தியார் நம்மைப் போடச் சொன்ன, உட்கார்ந்து எழுகிற பஸ்கியிலேயே ஆரம்பிக்கட்டும். ஒன்று மட்டும் மாற்றம்: மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாகக் கீழே போகவேண்டும். தாண்டி இறங்கும்போது வேண்டியது எழும்புகிற பலம் இல்லை, அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிற பலம். அது சரியாக வந்த பிறகு டம்பெல்லை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு செய்யலாம்.

அடுத்தது டெட்லிஃப்ட். பாரத்தைக் கையில் பிடித்து, முதுகை நேராக வைத்துக்கொண்டு, பின்பக்கத்தைப் பின்னால் தள்ளி இடுப்பில் மடிந்து நிமிர்வது. சேணத்திலிருந்து எழும்பித் தாண்டுகிறபோது அவள் எடுக்கிற நிலையும் அதேதான், பிடித்து நிற்கத்தான் இன்னும் பலம் வரவில்லை. இன்னொன்றும் கவனித்தேன். வலப்பக்கம் திரும்பும்போது இடது இடுப்பு மடங்கி, சேணத்தில் கால் வைக்கிற இடது அங்கவடி தளர்கிறது. அதற்கு ஒற்றைக் காலில் டெட்லிஃப்ட், பக்கவாட்டுப் பிளாங்க் (ஒருக்களித்து, முழங்கையிலும் பாதத்திலும் உடம்பை நேராகத் தாங்கி நிற்பது). இடதுபக்கம் முதலில், அலுப்பு வருவதற்கு முன்னாலேயே.

தொடையை இறுக்கினால் விழமாட்டோம் என்று நம்ம பையன்கள் நினைக்கிறார்களே, அதைப் பாப்பாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தத்தமங்கலம் குதிரை ஓட்டத்துக்குப் பழகுகிறவர்களிடம் நான் அலுத்துப்போகிற அளவு சொல்லிவிட்டேன். முழங்காலால் கவ்வினால் ஈரமான சோப்புத்துண்டு மாதிரி உடம்பு மேலேதான் பிதுங்கும். உட்தொடைக்குப் பலம் வேண்டியதுதான். அதைவிட அதைத் தளர்த்தத் தெரியவேண்டும்.

அப்புறம் மூச்சு. தடை தாண்டுகிற ஒரு ஜம்பிங் சுற்று ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே போகும். பாதிப் பிள்ளைகள் அதில் மூச்சை அடக்கிக்கொண்டே ஓட்டி, கடைசித் தடைகளில் கால் செத்துப்போகிறார்கள். பிளாங்க் பிடிக்கும்போது சத்தமாக எண்ணச் சொல். எண்ணினால் மூச்சு விட்டே ஆகவேண்டும்.

2023-ல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் நம்ம டிரெசாஜ் அணி (குதிரையை நடை பிசகாமல் அசைவுகள் செய்யவைக்கிற போட்டி) தங்கம் வாங்கியதே, 1982-க்குப் பிறகு குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு அதுதான் முதல் தங்கம். அணியில் நால்வரில் இரண்டு பேர் பெண்கள். அந்த ஓட்டங்களை அவளுக்குப் போட்டுக் காட்டு. ஓட்டுகிறவர் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். அப்படி இருக்க எவ்வளவு வயிற்றுப் பலம் வேண்டும் என்று அவளே கண்டுபிடிக்கட்டும்.

பாரத்தையும் தடவையையும் இப்போதிலிருந்து புரட்டாசி வரைக்கும் ஏற்றலாம். போட்டிகள் தொடங்கியதும் வாரத்துக்கு ஒரு நாள் போதும். பாரத்தைக் குறைக்காமல் தடவையை மட்டும் பாதியாக்கு. போட்டி வாரத்தில் புதுப் பயிற்சி எதுவும் கூடாது, தசைவலி இரண்டாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும்.

எடை குறைக்கிறேன் என்று காலைச் சாப்பாட்டை விடுகிறாள் என்று எழுதியிருந்தாய். அதை முதலில் நிறுத்து. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் சரி என்பது பொதுவான கணக்கு. நானூறு கிலோ குதிரைக்கு எண்பது கிலோ. பாப்பா சேணத்தோடு அதன் பக்கத்திலேயே வரமாட்டாள். முட்டையோ சுண்டலோ வயிறு நிறையக் கொடு.

அந்தியூர் குதிரைச் சந்தைக்கு இந்த வருஷம் போகலாம் என்றிருக்கிறேன். பிள்ளைகள் பழக ஒரு சாதுவான குதிரை தேவைப்படுகிறது. நீயும் வருவதாக இருந்தால் உடனே சொல். குளம்பு பார்க்க எனக்குக் கண்ணாடி வேண்டியிருக்கிறது, விலை பேச உன் வாய் வேண்டும்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை