ஓர் அணாவில் தொடங்கியது

ஆசிரியருக்கு வணக்கம்.

1920-இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கினார். பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது வரம்பு. ஒரே பள்ளியில் செய்துபார்த்த சின்ன முயற்சி அது!

இன்றும் அப்படிச் சின்ன முயற்சிகள் உண்டு. காசிமேட்டில் எங்கள் தெரு இலவச மாலை வகுப்பில், பழைய காலண்டர் தாளின் பின்பக்கம்தான் வருகைப் பதிவு. இரண்டு நாள் வராத பிள்ளையின் பெயரைச் சிவப்பில் வட்டமிட்டு, அன்றிரவே வீடு தேடிப் போய் விசாரிக்கிறார், பாடம் நடத்தும் அக்கா. இப்படிப்பட்டவர்களுக்குக் கட்டடம்கூட வேண்டாம். தோற்றாலும் பரவாயில்லை, செய்து பாருங்கள் என்று தரும் சிறு தொகை போதும்.

பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது சட்டம். மணலி, எண்ணூர் ஆலைகளின் பங்கில் கொஞ்சம் இந்தப் பக்கம் வரட்டும். அப்புறம், மாலையில் பூட்டிக் கிடக்கும் மாநகராட்சி வகுப்பறைகளையும் திறந்துவிடுங்கள்.

- ஒரு வாசகர், காசிமேடு