இழப்பீட்டுப் பட்டியலில் சிக்காத சேகரிப்பாளர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

லண்டன் ஓவியக்கூடங்களைப் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை, பிரிட்டனின் 1833 அடிமை ஒழிப்புச் சட்ட இழப்பீட்டுப் பட்டியலில் பெயர் உண்டா என்று பார்த்தே ஓவியச் சேகரிப்பாளர்களுக்கு அடிமைமுறைப் பணத்தோடு தொடர்பு உண்டா என்று எடைபோடுகிறது. அந்த ஒரு சோதனை போதாது.

அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு அரசு இழப்பீடாகக் கொடுத்த 2 கோடி பவுண்டை யார் வாங்கினார்கள் என்பதே அதில் இருக்கும் (விடுதலையானவர்களுக்கு ஒரு காசும் இல்லை). முன்பே இறந்தவர்கள், தோட்டத்தை விற்றவர்கள், கப்பல் காப்பீட்டில் சம்பாதித்தவர்கள் அதில் வரமாட்டார்கள். ஜான் ஜூலியஸ் ஆங்கர்ஸ்டைன் 1823இல் இறந்தார். மறு ஆண்டு அவருடைய 38 ஓவியங்களை அரசு 57,000 பவுண்டுக்கு வாங்கித்தான் நேஷனல் கேலரி தொடங்கியது. அவர் லாயிட்ஸ் என்ற லண்டன் காப்பீட்டுச் சந்தையில் கப்பல் காப்பீட்டாளர். அவருடைய வருமானத்தில் அடிமைக் கப்பல்களின் பங்கு எவ்வளவு என்று இன்று பிரித்தெடுக்க முடியாது. மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோனுக்கு ஜமைக்காத் தோட்ட வருமானம் மனைவி வழியாக வந்தது. அவருடைய சேகரிப்பிலிருந்துதான் 1753இல் பிரிட்டிஷ் மியூசியம் பிறந்தது. இத்தகைய பணத்தைத் தேட உயில்களையும் திருமண ஒப்பந்தங்களையும் புரட்ட வேண்டும்.

பெயர் இருந்தாலும் அவசரப்படக் கூடாது. அடமானம் பிடித்தவர், உயிலை நிறைவேற்றுபவர், அறங்காவலர் எல்லோருமே இழப்பீடு கோரினார்கள். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இந்த இழப்பீட்டு ஆவணங்கள் இருக்கும் டி71 வரிசையில், கோரியவர் எந்த உரிமையில் கோரினார் என்பதையும் பார்க்க வேண்டும். பெயர்க் குழப்பம் வேறு. ரஃபேலின் 'புனித கேத்தரின்' ஓவியத்தை 1839இல் நேஷனல் கேலரிக்கு விற்றவர், லண்டன் மேயராக இருந்த அவருடைய அப்பா, ஜமைக்காவைப் பற்றி நூல் எழுதிய உறவினர் மூவருமே வில்லியம் பெக்ஃபோர்டு; மூவருக்கும் அந்தத் தீவில் கரும்புத் தோட்டம். பிறப்பு, இறப்பு ஆண்டுகளைக் குறிக்காமல் எழுதினால் ஒருவர் சொத்து இன்னொருவர் தலையில் ஏறிவிடும்.

கட்டுரையாளர் தொடாத இடம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகள், இலங்கை, செயின்ட் ஹெலினா மூன்றையும் அந்தச் சட்டமே விலக்கி வைத்திருந்தது. எனவே மதராஸ் அடிமை வணிகத்தின் சுவடே பட்டியலில் கிடையாது. 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் தலைவராக இருந்த எலிஹு யேல், வைர வணிகத்தில் கொழுத்து, லண்டன் திரும்பிப் பெரும் ஓவியச் சேகரிப்பாளர் ஆனவர். அவர் காலத்தில் அங்கிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டார்கள். கோட்டையின் ஆலோசனைப் பதிவேடுகளை மதராஸ் அரசே அச்சிட்டிருக்கிறது. முதலில் 1687, 1688 ஆண்டுகளின் தொகுதிகளைப் பார்க்கலாம். பிறகு, 1721இல் யேல் இறந்தபின் லண்டனில் நடந்த ஏலங்களின் பட்டியல்களை.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை